காணாமை எப்போது அறிவாகும்?

லினக்ஸில் ஓடும் சர்வர் ஒன்று நள்ளிரவில் தானாகவே அணைந்து மறுபடி எழுகிறது. காலையில் அதற்குப் பொறுப்பான பொறியாளர் முதலில் திறந்து பார்ப்பது 'கிராஷ்' என்ற ஃபோல்டரை. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் நிலைகுலைந்து விழுந்திருந்தால், அந்த நொடியில் நினைவகத்தில் இருந்தவை 'விஎம்கோர்' என்ற கோப்பாக அங்கே பதிவாகியிருக்க வேண்டும். ஃபோல்டர் காலியாக இருக்கிறது. அப்படியானால் கெர்னல் விழவில்லை என்று முடிவு கட்டலாமா?

இந்தக் கேள்வி கணினியைவிட மிக மூத்தது. தரையில் குடம் இல்லை என்பதை மனிதன் எப்படி அறிகிறான் என்று மீமாம்சகர்களும் நியாய மரபினரான நையாயிகர்களும் பௌத்தர்களும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டிருக்கிறார்கள். இருக்கும் குடத்தைக் கண் காட்டுகிறது. இல்லாத குடத்தை எது காட்டுகிறது? 'காணோம்' என்பதிலிருந்து 'இல்லை' என்பதற்குப் போகும் வழி நேரானதா, நடுவில் நிபந்தனை ஏதும் உண்டா? கடவுள் உண்டா என்ற விவாதமும் ஒரு கட்டத்தில் இந்த வழியில்தான் வந்து நின்றது. அமேசானின் குறிப்பிட்ட ஒரு பிராசஸரில் கிராஷ் பதிவு கிடைக்காமல் போன சங்கதியை உள்ளே போய்ப் பார்த்தால், அந்தப் பழைய நிபந்தனை எவ்வளவு கூர்மையானது என்று புரியும்.

கெர்னல் விழும்போது பதிவு எடுப்பது லேசான காரியம் கிடையாது. டிஸ்கில் எழுதுவது கெர்னலின் வேலை. விழுந்துகொண்டிருப்பதும் அதே கெர்னல். தன்னுள் எது கெட்டது, எது நல்லது என்று அதற்கே தெரியாத நிலையில் டிஸ்கில் எழுதச் சொன்னால், நல்ல தரவின் மேலேயே எழுதி அழித்துவிடக்கூடும். தொடக்ககாலக் கருவிகள் சில விழுந்த கெர்னலையே நம்பியிருந்ததால் இந்த ஆபத்து அவற்றுக்குக் கடைசிவரை இருந்தது. 2005-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.13 பதிப்பு வேறு வழியைக் கொண்டுவந்தது. அதன் பெயர் கேடம்ப். ஐ.பி.எம்.மைச் சேர்ந்த விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா, இவர்களோடு எரிக் பீடர்மன் ஆகிய மூவரும் அதே ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் அதை விளக்கிக் கட்டுரை அளித்தார்கள்.

அவர்கள் செய்தது இது. கணினி எழும்போதே நினைவகத்தில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். அதற்குள் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றி வைக்க வேண்டும். முதல் கெர்னல் அந்தப் பகுதியை வேறெதற்கும் பயன்படுத்தாது. முதலாவது விழுந்ததும், கணினியை அணைத்து எழுப்பாமல், கட்டுப்பாடு நேரே இரண்டாவதிடம் தாவும். அணைக்காததால் பழைய நினைவகம் அழியாமல் அப்படியே இருக்கும். இரண்டாவது கெர்னல் அதைப் பெரிய கோப்பாகப் பார்த்து, வேண்டாத பக்கங்களை வடிகட்டிச் சுருக்கி, டிஸ்கில் எழுதிவிட்டுக் கணினியை முறைப்படி எழுப்பும். ஒதுக்கிய நினைவகம் 256 எம்.பி. என்றால், அந்த 256 எம்.பி. சர்வரின் அன்றாட வேலைக்குக் கிடைக்கவே கிடைக்காது. விழாமலே ஓடினாலும் கொடுத்த விலை கொடுத்ததுதான்.

இந்த இரண்டாவது கெர்னலை அத்வைதம் பேசும் சாட்சியோடு ஒப்பிடத் தோன்றும். பொருந்தாது. ஆழ்ந்த உறக்கத்தின்போதும் விழித்திருந்து, நேரிலேயே அறிவதாகச் சொல்லப்படுவது அந்தச் சாட்சி. இங்கே இரண்டாவது கெர்னல் முதலாவது ஓடிய காலம் முழுக்க எழாமலே கிடக்கிறது, விழுவதையும் பார்ப்பதில்லை. விழுந்த பின் எழுந்து, எஞ்சியதை எடுத்து வைக்கிறது. அதைக் கொண்டு மனிதர்கள் அனுமானிக்கிறார்கள். நியாய சாத்திரத்துக்குத்தான் இது நெருக்கம்.

இனி அமேசான் சங்கதி. 2018 நவம்பரில் அமேசான் வெப் சர்வீசஸ் தன் சொந்த 64-பிட் ஆர்ம் பிராசஸரான கிராவிட்டனை ஏ1 வகைச் சர்வர்களில் வாடகைக்கு விட்டது. 2015-இல் அமேசான் வாங்கிய அன்னபூர்ணா லேப்ஸ் வடிவமைத்த சில்லு அது. அந்த முதல் தலைமுறைக் கிராவிட்டனில் ஒரு சிக்கல் இருப்பதை ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் வெளியீட்டுக் குறிப்புகள் பதிவு செய்தன. கெர்னல் விழுகிறது, ஆனால் விஎம்கோர் உருவாவதில்லை, கிராஷ் ஃபோல்டரில் ஒன்றும் வந்து சேர்வதில்லை. டிஸ்கை இயக்கும் என்விஎம்இ டிரைவரில் உள்ள குறையும் 'ஐஆர்க்யூபோல்' என்ற கெர்னல் அளவுருவும் சேரும்போது இப்படி ஆகிறது என்பது ரெட் ஹாட் தந்த விளக்கம்.

ஐஆர்க்யூபோல் எதற்காக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். வன்பொருள்கள் கெர்னலைக் கூப்பிட 'இன்டரப்ட்' என்ற சமிக்ஞையை அனுப்புகின்றன. முதல் கெர்னல் திடீரென்று விழுந்துவிட்டால், சாதனங்களை ஒழுங்காக நிறுத்த யாரும் இருக்க மாட்டார்கள். அவை பாதி வேலையில் நின்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். புதிதாக எழுந்த கெர்னலுக்கு அது யார் கூப்பிடும் குரல் என்று தெரியாது. ஒரு பாதையில் வரும் 1,00,000 சமிக்ஞைகளில் 99,900-க்கு மேல் உரிமை கோருவார் இல்லையென்றால், லினக்ஸ் அந்தப் பாதையையே மூடிவிடும். மூடிய பாதையில் டிஸ்கும் இருந்தால் பதிவு எழுத வழியில்லை. அதனால், உரிமையாளர் தெரியாத சமிக்ஞை வந்தால் எல்லா டிரைவர்களையும் கேட்டுப் பார் என்று சொல்வதற்காக ஐஆர்க்யூபோல் சேர்க்கப்பட்டது. இரண்டாவது கெர்னலுக்குப் போகும் கட்டளை வரியில் வழக்கமாகவே அது இருந்தது. பதிவு தவறிவிடக் கூடாது என்ற அக்கறையில் வைத்த ஏற்பாடு, இந்த ஒரு சில்லில் பதிவையே தடுத்தது.

மாற்று வழி சுருக்கமானது. கேடம்பின் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'கட்டளை வரியில் சேர்' பட்டியலிலிருந்து ஐஆர்க்யூபோலை எடுத்துவிட வேண்டும். 'கட்டளை வரியிலிருந்து நீக்கு' பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். பிறகு கேடம்ப் சேவையை மறுபடி தொடங்க வேண்டும். கிராவிட்டன் 2, கிராவிட்டன் 3 ஆகியவற்றில் இப்படிக் கையால் நீக்கத் தேவையில்லை என்றும் ரெட் ஹாட் ஆவணங்கள் சொல்கின்றன. கூடவே, இரண்டாவது கெர்னலுக்கு ஒதுக்கிய நினைவகம் போதுமா என்று பார்த்துக்கொள்ளும்படியும் எச்சரிக்கின்றன.

தத்துவத்துக்கு வேலை இருப்பது இந்த மாற்று வழிக்கு முந்தைய நாட்களில். அப்போதும் கேடம்ப் சேவை 'தயார்' என்றுதான் சொல்லியிருக்கும். இரண்டாவது கெர்னல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் லினக்ஸ் '1' என்று பதில் தரும். அந்த '1' சொல்வது ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை மட்டும். எழுந்தால் வேலை செய்யுமா என்பதை அது சொல்லவில்லை. அந்த நாட்களில் ஏ1 சர்வரில் காலியான ஃபோல்டரைப் பார்த்து, 'கெர்னல் விழவில்லை, வேறெங்கோ தவறு' என்று முடிவு கட்டியவர், இல்லாத ஒரு சான்றைச் சான்றாக எடுத்துக்கொண்டவர் ஆகிறார்.

காலி ஃபோல்டருக்கு வேறு அர்த்தங்களும் உண்டு. சர்வர் ஓடும் தாய்க் கணினியே மின்சாரம் இழந்திருக்கலாம். அப்போது எந்தக் கெர்னலுக்கும் பேச அவகாசம் கிடைத்திருக்காது. கெர்னல் விழாமல் உறைந்து நின்றிருக்கலாம்; விழுந்தால்தான் இரண்டாவது எழும், உறைந்ததற்கு எழாது. இரண்டாவது எழுந்தும், நினைவகம் போதாமல் பாதியில் மடிந்திருக்கலாம். உண்மையிலேயே ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் வெளியே தெரிவது ஒரே காட்சி.

மீமாம்சகர் குமாரில பட்டர் ஏழாம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவர். இல்லாமையை அறிய 'அனுபலப்தி' என்ற தனி அளவை வேண்டும் என்பது அவர் மரபின் கட்சி. கண் இருப்பதைத்தான் தொடும். இல்லாததைத் தொட முடியாது. ஆகவே காணாமையே ஒரு தனி அறிவு வழி என்றார்கள். நையாயிகர்கள் தனி அளவை தேவையில்லை, வெறுந்தரையைப் பார்க்கும்போதே குடத்தின் இன்மையும் காட்சியில் அகப்படுகிறது என்றார்கள். மீமாம்சையிலேயே பிரபாகரர் வழி வந்தவர்கள் இன்மை என்று தனியே ஒன்றுமில்லை, வெறுந்தரைதான் உண்டு என்றார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகரில் மணிமேகலை கேட்கும் பல சமயத்தார் பேச்சுகளில் முதலாவதாக வரும் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணுகிறார். அவற்றுள் இன்மையைக் குறிக்கும் அபாவமும் ஒன்று. பின்னர் காஞ்சியில் அறவண அடிகள் காட்சி, கருத்து என்ற இரண்டோடு நிறுத்திவிடுகிறார். தமிழ் வாசகருக்கு இந்தச் சர்ச்சை அயலூர்ச் சரக்கு இல்லை.

அளவைகளின் எண்ணிக்கையில் இவ்வளவு சண்டை போட்டவர்கள் ஒரு நிபந்தனையில் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி வருகிறார்கள். அதற்கு 'யோக்யதை' என்று பெயர். காணத் தகுதியான பொருள், காணத் தகுதியான சூழலில், காணப்படாமல் இருந்தால்தான் அது இல்லை என்று சொல்லலாம். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை வட்டாரத்தில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர், அத்வைதத்தின் அறிவுக் கோட்பாட்டைத் தொகுத்த 'வேதாந்த பரிபாஷை'யில் அனுபலப்திக்கு ஒரு தனிப் பகுதியே ஒதுக்கினார். வெளிச்சத்தில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டில் தெரியவில்லை என்றால் அதைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. 'இங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்கும்' என்ற வாக்கியத்தை மெய்யாகச் சொல்ல முடிகிறதா என்பதே சோதனை.

கேடம்புக்கு இந்தச் சோதனையை அப்படியே செய்யலாம். லினக்ஸில் வேண்டுமென்றே கெர்னலை விழவைக்கும் கட்டளை இருக்கிறது; 'சிஸ்ஆர்க்யூ' வசதியிடம் 'சி' என்ற எழுத்தைக் கொடுத்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அந்தக் கணமே விழும். பதிவு கிடைத்தால், அந்தச் சூழலில் வெளிச்சம் இருக்கிறது என்று பொருள்; அதன் பிறகு ஃபோல்டர் காலியாக இருந்தால் அந்தக் காலிக்கு எடை உண்டு. அதே மென்பொருள் இமேஜை வேறு வகைச் சர்வரில் ஏற்றினால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். கிளவுட்டில் வன்பொருளை மாற்றுவது ஒரு சொடுக்கில் முடிந்துவிடும் காரியம். யோக்யதை அப்படிக் கூடவே பெயர்ந்து வராது. இன்டெல் சர்வரில் வெற்றி பெற்ற சோதனை, முதல் தலைமுறைக் கிராவிட்டனைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பது நடந்து காட்டிய உண்மை. இன்னொன்றும் உண்டு. சோதனை முன்னோக்கித்தான் ஒளி தரும். மாற்று வழியைச் செய்து, பதிவு கிடைப்பதை உறுதி செய்த பிறகும், அதற்கு முந்தைய காலி ஃபோல்டர்கள் இருட்டிலேயே இருக்கும். அவற்றை 'விழவில்லை' என்றும் எழுத முடியாது, 'விழுந்தது' என்றும் எழுத முடியாது.

சர்வர் விழுந்தால் பணமும் உறக்கமும் போகும். இதே தருக்கம் மனித உயிர்களோடு சம்பந்தப்பட்ட இடம் ஒன்று உண்டு.

2009 ஜூன் 1-ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேரும் மாண்டார்கள். விமானத்தின் பதிவுப் பெட்டிகளில் நீருக்கடியில் ஒலி எழுப்பும் கருவிகள் உண்டு. குறைந்தது 30 நாள் அவை ஒலிக்க வேண்டும். அந்த நாட்களுக்குள் கப்பல்கள் ஒலி வாங்கிகளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு தேடின. விமானம் கடைசியாகத் தன் இடத்தைத் தெரிவித்த பகுதிக்கு அருகிலும் போயின. ஒலி கேட்கவில்லை. கேட்காத இடத்தில் விமானம் இருக்க வாய்ப்பு குறைவு என்பது இயல்பான முடிவு. அடுத்தடுத்த தேடல்கள் வேறு பகுதிகளுக்கு நகர்ந்தன. 2010-இலும் ஒன்றும் அகப்படவில்லை.

பிரெஞ்சு விபத்து விசாரணை அமைப்பான பி.இ.ஏ., மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் எல்லாத் தரவையும் புதிதாக ஆராயச் சொன்னது. பேயஸ் முறைப்படி வரைபடம் தயாரித்த அவர்கள் ஒரு கேள்வியை வெளிப்படையாகக் கணக்கில் சேர்த்தார்கள்: ஒலிக் கருவிகள் இரண்டும் வேலை செய்யாமல் போயிருந்தால்? அந்தச் சாத்தியத்தை ஏற்றுக் கணக்கிட்டதும், ஏற்கெனவே தேடிக் கழித்த, கடைசி இடத்தை ஒட்டிய பகுதியே மீண்டும் மேலே வந்தது. 2011-இல் தேடல் தொடங்கி ஒரு வாரம் அளவில், ஏப்ரல் 3-ஆம் தேதி, சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன. மே மாதத் தொடக்கத்தில் இரண்டு பதிவுப் பெட்டிகளும் மேலே வந்தன. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனிக்கட்டி அடைத்ததும், அதன் பிறகு விமானம் தூக்குவிசையை இழந்து விழுந்ததும் அப்போதுதான் தெளிவாயிற்று. இறந்தவர்களின் குடும்பங்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பதில் இல்லாமல் காத்திருந்தன. ஒலிக் கருவிகளின் மௌனத்துக்குத் தகுதிக்கு மீறிய எடை கொடுத்ததும் அந்தக் காத்திருப்புக்கு ஒரு காரணம். பேயஸ் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாதிரியார். அவருடைய கட்டுரை அவர் இறந்த பிறகு 1763-இல் அச்சேறியது. தர்மராஜர் 'இருட்டு' என்று சொன்னதை எண்ணாக்கிக் கணக்கிட அவருடைய முறை வழி செய்கிறது.

இந்த நிபந்தனையை மிகக் கறாராகப் பிடித்தவர் பௌத்தத் தருக்கவாதி தர்மகீர்த்தி. அவரும் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பெரும்பாலோர் கருத்து. காணாமையை அவர் அனுமானத்தின் ஒரு வகையாக வைத்தார். காட்சிக்கு உரிய பொருள் காணப்படாவிட்டால் 'இல்லை' என்று சொல்லலாம், அதன்படி நடந்தும் கொள்ளலாம். இயல்பிலேயே காட்சிக்கு எட்டாத பொருளுக்கு இந்த மரபில் வரும் உதாரணம் பேய். பேயைக் காணவில்லை என்பதால் பேய் இல்லை என்று சொல்ல முடியாது, ஐயம்தான் மிஞ்சும். அந்த ஐயத்தை ஐயமாகவே வைத்துக்கொள்ளும் நேர்மையை அவரிடம் காண முடிகிறது. கிராவிட்டன் சர்வரின் பழைய காலி ஃபோல்டருக்கு அவர் தரும் தீர்ப்பும் அதுவாகத்தான் இருக்கும்.

பேய்க்குப் பொருந்துவது கடவுளுக்கும் பொருந்துமா? பௌத்தரோடும், காட்சியை மட்டும் நம்பிய சார்வாகரோடும் வாதிட்ட நையாயிகர் உதயனர், பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 'நியாய குசுமாஞ்சலி' என்ற நூலில் இந்தக் கேள்வியை நேரே எடுத்துக்கொண்டார். கடவுளைக் கண்டவர் இல்லை, ஆகவே கடவுள் இல்லை என்பது எதிர்க்கட்சியின் வாதம். உதயனரின் பதிலில் உயிர்ப்பான ஒரு காட்சி வருகிறது. காணாமை மட்டுமே இன்மைக்குச் சான்று என்றால், வீட்டை விட்டு வெளியே வந்த சார்வாகன் திரும்பிப் போகக் கூடாது. மனைவி மக்கள் கண்ணில் படவில்லையே, அவர்கள் இல்லாமலே போனார்கள் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். காணத் தகுதியானது காணப்படாவிட்டால்தான் இல்லை. கடவுள் புலன்களின் காட்சிக்கு உரிய பொருளே அல்லர். எனவே காணாமையைக் கொண்டு அவரை மறுக்க முடியாது என்பது உதயனர் வாதம்.

வாதம் வலுவானது. அதன் வலுவை மதிக்கும் எவரும் அது எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கேடயம் கடவுளைக் காப்பது போலவே தர்மகீர்த்தியின் பேயையும் காக்கும். மறுப்பை விலக்குவது வேறு, உண்மையை நிறுவுவது வேறு. பக்தியின் அன்றாடப் பேச்சில் இந்த எல்லை அடிக்கடி தாண்டப்படுகிறது. நோய் தீர்ந்தால் பிரார்த்தனை கேட்கப்பட்டதற்கு அதுவே சான்று. தீராவிட்டால் இறைவன் வழிகளை மனிதன் அறியான். தீர்ந்ததைச் சான்றாக எண்ணுகிறவர், தீராததையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். அல்லது பிரார்த்தனை இந்த வகைச் சான்றுக்கு உட்பட்டதே அல்ல என்று சொல்லி இரண்டையும் விட்டுவிட வேண்டும். இரண்டாவது நிலைப்பாட்டை எடுக்கும் பக்தர்கள் எல்லா மதங்களிலும் உண்டு. கேட்டது கிடைப்பதற்காக வணங்காதவர்கள் அவர்கள். அவர்களை மறுக்கக் காலி ஃபோல்டர் யாரிடமும் இல்லை. மறுபுறம், விண்ணெல்லாம் தேடியும் கடவுள் அகப்படவில்லை என்று சொல்லும் நாத்திகர், இருந்திருந்தால் அந்தத் தேடலில் அகப்பட்டிருப்பாரா என்ற கேள்விக்கு முதலில் பதில் வைத்திருக்க வேண்டும். எந்தக் கடவுளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். குறிப்பிட்ட நாளில் மழை பெய்விப்பதாகச் சொல்லப்படும் தெய்வம் காணத் தகுதியான விளைவைத் தருவதாகச் சொல்கிறது. அது வெளிச்சத்துக்கு வந்து நிற்கும் குடம், மழை வராவிட்டால் அந்தக் காணாமைக்கு எடை உண்டு. எங்கும் நிறைந்து எதையும் மாற்றாத பரம்பொருளுக்கு அந்தச் சோதனை எட்டாது.

உதயனர் இதை அறிந்தே இருந்தார் என்பதற்கு அவர் நூலின் அமைப்பே சான்று. நியாய குசுமாஞ்சலி ஐந்து பகுதிகள் கொண்டது. காணாமை பற்றிய மறுப்பு மூன்றாம் பகுதியில் வருகிறது. அதோடு அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஐந்தாம் பகுதியில், உலகம் ஒரு காரியம், அதற்குக் கர்த்தா வேண்டும் என்பதில் தொடங்கி, கடவுள் உண்டு என்பதற்கான நேர்க் காரணங்களை வரிசையாக வைக்கிறார். அந்தக் காரணங்களைப் பின்னால் வந்த பௌத்தரும் சமணரும் ஏற்கவில்லை; இராமானுசரும் கடவுளை அனுமானத்தால் நிறுவ முடியாது, சாத்திரமே வழி என்று வேறு பக்கத்திலிருந்து மறுத்தார். ஆனாலும் எதிராளியின் 'காணோம்' செல்லாது என்று காட்டிய பிறகு, தன் பக்கத்துச் சான்றைத் தனியே கொண்டுவந்து வைக்கும் சுமையை உதயனர் ஏற்றுக்கொண்டார்.